கார் கடலில் பாய்ந்தது: ஒரு வாக்கியத்தை வாசித்தல்

‘கட்டுப்பாட்டை இழந்த கார் கடலில் பாய்ந்தது.’

தமிழில் செய்தி படிக்கிற யாருக்கும் இந்த வாக்கியம் பழக்கமானதுதான். கடல் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஏரி, ஆறு, கிணறு, கால்வாய் என்று எதை வைத்தாலும் கச்சிதமாகப் பொருந்தும். ரொம்ப நாளாக இந்த வாக்கியம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. இதன் எழுவாய் யார் என்று பாருங்கள். கட்டுப்பாட்டை இழந்தது கார். பாய்ந்ததும் கார். பாய்தல் என்பது உள்ளே ஒரு விசை இருக்கிறவற்றின் வினை. புலி பாயும், குதிரை பாயும், வெள்ளம் பாயும். இங்கே ஒரு டன் இரும்பு தானே முடிவெடுத்துப் பாய்ந்ததுபோல வாக்கியம் அமைந்திருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனிதர் இதில் இல்லை. அவர் அடுத்த வாக்கியத்தில்தான் வருவார், ‘ஓட்டுநர் பலி’ என்று. முதல் வாக்கியத்தில் காணாமல் போகிறவர் இரண்டாவதில் உடலாகக் கிடைக்கிறார்.

தண்ணீருக்குள் போன வண்டிகளைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளை, செய்தி, சினிமா, நாவல் மூன்றையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். அந்த வாசிப்பின் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. தொடக்கப்புள்ளி ராயபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு மதில்சுவருக்கு உள்ளே இருக்கிறது.

*

2024 நவம்பர் மாதம், ஒரு இரவு. சென்னைத் துறைமுகத்தின் ஜவஹர் டாக். கடலோரக் காவல்படைப் பணிக்காக ஒப்பந்தத்தில் ஓடிய கார் ஒன்று கரையிலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது. காரைப் பின்னோக்கி எடுக்கும்போது நடந்தது என்று செய்திகளில் வந்தது. காரில் இருந்த அதிகாரி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து தப்பினார். ஓட்டுநரால் முடியவில்லை. முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள், காரை மேலே தூக்கினார்கள். உள்ளே ஓட்டுநர் இல்லை. சில நாட்கள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அதோடு செய்தியும் நின்றது.

அந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜவஹர் டாக் 1964இல் திறக்கப்பட்டது. பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து அணைகிற கரை, பத்து மீட்டருக்கு மேல் ஆழம். கடற்கரையைப் போலச் சரிந்து இறங்குவது கிடையாது. தளம் முடிகிற இடத்தில் செங்குத்தாகத் தண்ணீர். கப்பல் அணைகிற கரைக்கு ஆள் உயரச் சுவரும் வைக்க முடியாது. கப்பலின் கயிறு, கிரேன் தூக்கும் சரக்கு, ஏணி எல்லாம் அந்த விளிம்பைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். அதனால் பல துறைமுகங்களில் விளிம்பை ஒட்டித் தாழ்வாக ஒரு தடுப்புக்கட்டை மட்டும் போடுவார்கள். அதற்குப் பக்கத்திலேயே லாரியும் ஃபோர்க்லிஃப்டும் காரும் ஓடும். பகலில் அது ஒரு வேலைத்தளம். இரவில், ஈரமான கான்கிரீட்டும் கறுப்புத் தண்ணீரும் ஒரே நிறத்தில் தெரியக்கூடிய இடம்.

இன்னொன்று. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கும் அந்த இடத்தைப் பார்க்க வாய்ப்பு குறைவு. நடுவில் மதில், கண்டெய்னர் அடுக்கு, வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது. காசிமேட்டில் ஒரு சைக்கிள் தண்ணீரில் விழுந்தால் நூறு பேர் பார்த்திருப்பார்கள், நூறு விதமாகச் சொல்வார்கள். டாக்குக்குள் விழுந்த காருக்கு வேடிக்கை பார்க்கக்கூட ஊர் இல்லை. ஊருக்குக் கிடைப்பது அந்த ஒற்றை வாக்கியம்தான்.

ஊர் அதை வைத்து என்ன செய்கிறது? கல்மண்டபம் பக்கம் டீக்கடையில் எனக்குத் தெரிந்த ஆக்டிங் டிரைவர் அண்ணன் ஒருவர், இந்தப் பேச்சு வந்தபோது சொன்னது: “வண்டி தண்ணிக்குள்ள போச்சுன்னா மொதல்ல கேக்குறது, டிரைவர் குடிச்சிருந்தானான்னுதான். ரோடு குடிச்சிருந்துச்சான்னு எவனும் கேக்க மாட்டான், தம்பி.” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு விமர்சனக் கோட்பாடே இருப்பதாக எனக்குப் பட்டது. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நாம் முதலில் கேட்பது அந்த ஆளைப் பற்றித்தான்.

*

தண்ணீருக்குள் போகும் காரைப் பார்க்க நம்மைப் பழக்கியது சினிமா. இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம்.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960). நார்மன் பேட்ஸ் ஒரு காரைச் சதுப்பு நீருக்குள் தள்ளிவிட்டு நிற்கிறான். கார் மெதுவாக இறங்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் பார்வையாளருக்கும் பதறுகிறது. செத்துப்போன பெண்ணின் பக்கம் இத்தனை நேரம் இருந்த நாம், கார் முழுசாக மூழ்கட்டும் என்று நினைக்க ஆரம்பிக்கிறோம். படத்தின் கடைசிக் காட்சியில் அதே காரைச் சங்கிலி கட்டி வெளியே இழுக்கிறார்கள். கார் மேலே வருகிறது, படம் முடிகிறது.

‘பாபநாசம்’ (2015). ஜீத்து ஜோசப் தன் மலையாள ‘திருஷ்ய’த்தைத் தமிழில் எடுத்த படம், வசனம் ஜெயமோகன். சுயம்புலிங்கம், இறந்த பையனின் காரைத் தண்ணீர் நிறைந்த குவாரியில் இறக்கிவிடுகிறார். அதன் பிறகு தியேட்டர் முழுக்க ஒரே பிரார்த்தனை: அந்தக் கார் மேலே வந்துவிடக் கூடாது. வந்துவிடுகிறது. கதை இறுகுகிறது.

இரண்டும் நல்ல படங்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டிலும் கார் ஒரு தடயம், தண்ணீர் ஒரு பீரோ. யாரோ ஒருவர் திட்டம் போட்டு உள்ளே வைத்துப் பூட்டுகிறார், இன்னொருவர் திறக்கிறார். இத்தகைய கதைகள் நமக்குக் கற்றுத்தந்த கேள்வி ஒன்றே ஒன்று: ‘யார்?’ கார் மேலே வந்தால் பதிலும் கூடவே வரும் என்பது இந்தக் கதைவகையின் ஒப்பந்தம்.

வடசென்னை என்றால் இந்தப் பழக்கம் இரட்டிப்பாகிறது. நம் சினிமாவில் துறைமுகம் என்றாலே கடத்தல், கேங், கொலை. வெற்றிமாறனின் ‘வடசென்னை’ (2018) அந்த உலகத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, ஒரு சாலைக்காகக் கடலோரக் குடியிருப்பை அகற்றும் அரசியலையும் பேசியது. அந்த இரண்டாவது பகுதி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை, கத்தி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதனால் ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் தண்ணீரில் விழுந்தால், ‘இதுல ஏதோ இருக்கு’ என்று சொல்லாத வாட்ஸப் குரூப் இருக்காது. ஏதோ இருக்கத்தான் செய்கிறது. நாம் தேடுகிற மாதிரியான ஏதோ ஒன்று அது இல்லை.

ஜவஹர் டாக்கில் கார் மேலே வந்தது. சினிமா ஒப்பந்தப்படி அத்தோடு முடிச்சு அவிழ்ந்திருக்க வேண்டும். கார் காலியாக வந்தது. அந்தக் காலி இருக்கையை எந்தக் கதைவகையும் நமக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை.

*

இதற்கு எதிர்த்திசையில் ஒரு நிஜக் கதை உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஃபாஸ் என்றொரு ஏரி. 2013 செப்டம்பரில் அந்த மாநிலத்தின் நெடுஞ்சாலைப் போலீஸார் புதிதாக வந்த சோனார் கருவியைச் சோதித்துப் பார்க்க ஏரியில் இறங்கினார்கள். படகு இறக்கும் சரிவுக்குக் கிட்டவே, அதிக ஆழமில்லாத நீரில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பேரின் எலும்புகள். ஒரு காரில் இருந்தவர்கள் 1969இல் காணாமல் போன பெரியவர்கள். இன்னொன்றில் 1970இல் காணாமல் போன பதின்வயதினர். இரண்டு விபத்துகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. இடம் மட்டும் ஒன்று.

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பங்கள் ஊர் சொன்ன கதைகளோடு வாழ்ந்தன. ஓடிப்போயிருப்பார்கள், யாராவது கொன்றிருப்பார்கள், இன்னார் மேல் சந்தேகம். இத்தனை கதைகளும் கட்டி எழுப்பப்பட்டபோது உண்மை சில மீட்டர் ஆழத்தில், மக்கள் படகு இறக்கிய இடத்திலேயே கிடந்தது. இன்றைக்கு சோனார் படகோடு குளம் குளமாகப் போய்ப் பழைய கார்களைத் தேடுகிற யூடியூபர்களின் வீடியோக்கள் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. நானும் பார்ப்பேன். திரையில் ஒரு செவ்வக நிழல் தெரிகிற அந்த நொடிக்காக.

ஆனால் அந்த வீடியோக்களும் சினிமாவின் ஒப்பந்தத்திலேயே ஓடுகின்றன. கார் கிடைத்ததும் இசை மாறும், ‘வழக்கு தீர்ந்தது’ என்று போடுவார்கள். ஃபாஸ் ஏரியில் ‘எங்கே’ என்பதற்குப் பதில் கிடைத்தது, ‘யார்’ என்பதற்கும் கிடைத்தது. ஒரே இடத்தில் இரண்டு வண்டிகள் தனித்தனியாக உள்ளே போயின என்றால் அந்த இடத்தில் என்ன கோளாறு? என்னைப் பொறுத்தவரை கதையே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது.

*

ஜவஹர் டாக் திறந்த அதே 1964. டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைப் புயலின் அலை அடித்துக்கொண்டு போனது. இது கார் இல்லை, ஏரியும் இல்லை. ஆனால் தண்ணீருக்குள் போன வண்டிகளைப் பற்றித் தமிழில் அதிகமாகச் சொல்லப்பட்ட கதை இதுதான், அதனால் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அந்த ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒரே எண் கிடையாது. நூற்றுப் பத்துச் சொச்சம் என்பார்கள், இருநூறு என்பார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் கணக்கில் வரவில்லை என்பார்கள். செத்தவர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதற்கு டிக்கெட் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விதத்தில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. சிக்னல் விழவில்லை, ஓட்டுநர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு நீண்ட விசில் கொடுத்துவிட்டுத் துணிந்து ரயிலை நகர்த்தினார் என்று சொல்வார்கள். கேட்கும்போது அந்த விசில் காதில் விழும். ஆனால் யோசியுங்கள். ரயிலில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. அந்த இன்ஜினுக்குள் ஓட்டுநர் என்ன நினைத்தார், துணிந்தாரா, பயந்தாரா, மேலிடத்து உத்தரவு என்று நினைத்தாரா, சொல்ல ஒருவரும் இல்லை. ஆனாலும் நாம் அவர் மனதை எழுதிவிட்டோம். ‘ரிஸ்க் எடுத்தார்’ என்று முடித்துவிட்டோம். புயல் எச்சரிக்கை எப்படிப் போனது, தொடர்பு எங்கே அறுந்தது, அந்த இரவில் ரயிலை அனுப்பும் முடிவு யாருடையது என்பவை கதையின் ஓரத்துக்குப் போய்விட்டன. நடுவில் ஒரு ஓட்டுநரும் ஒரு விசிலும் மட்டும் இருக்கிறார்கள்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். தண்ணீர் ஓட்டுநரை எடுத்துக்கொள்கிறது. காலியான அந்த இருக்கையில் நாம் ஒரு ஊகத்தை உட்கார வைக்கிறோம். குடித்திருந்தார், தூங்கிவிட்டார், பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார், துணிந்தார். இவற்றில் எதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஊகம் உட்கார்ந்தவுடன் மற்ற எல்லாக் கேள்விகளும் எழுந்து போய்விடுகின்றன.

*

‘அப்போ புனைகதை எழுதறவன் என்ன பண்றது? செத்தவர் மனசுக்குள்ள போகவே கூடாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு உதவுவது ஒரு சின்ன நாவல்.

1969 ஜூலை 18 இரவு, அமெரிக்காவின் சப்பாக்விடிக் தீவில் செனட்டர் எட்வர்ட் கென்னடி ஓட்டிய கார் ஒரு பாலத்திலிருந்து தண்ணீருக்குள் கவிழ்ந்தது. அவர் வெளியே வந்துவிட்டார். கூட இருந்த மேரி ஜோ கோபெக்னி என்ற இளம்பெண் உள்ளேயே இறந்தார். கென்னடி போலீஸுக்குச் சொன்னது ஏறக்குறைய பத்து மணி நேரம் கழித்து. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. காரிலிருந்து உடலை எடுத்த முக்குளிப்பவர், அந்தப் பெண் காருக்குள் தேங்கிய காற்றில் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கலாம் என்று சொன்னார். சம்பவ இடத்தைவிட்டுப் போன குற்றத்தை ஒப்புக்கொண்ட செனட்டருக்கு நிறுத்திவைக்கப்பட்ட இரண்டு மாதச் சிறைத் தண்டனை.

ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் 1992இல் எழுதிய ‘பிளாக் வாட்டர்’ இந்த நிகழ்வின் நிழலில் நிற்கும் நாவல். பெயர்களை மாற்றினார், காலத்தை நகர்த்தினார், ஆணை வெறும் ‘செனட்டர்’ ஆக்கினார். நாவல் முழுக்க, மூழ்கிக்கொண்டிருக்கும் காருக்குள் இருக்கிற பெண்ணின் மனம். வந்துவிடுவார், உதவி கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று காத்திருக்கிறாள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஓட்ஸும் காலி இருக்கையை நிரப்பத்தான் செய்கிறார். ஆனால் எதற்காக நிரப்புகிறார் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. பாம்பன் கதையில் ஓட்டுநரின் மனதுக்குள் நாம் போவது காரணத்தைக் கண்டுபிடித்து ஃபைலை மூடுவதற்கு. ஓட்ஸ் அந்தப் பெண்ணின் மனதுக்குள் போவது அந்தக் காத்திருப்பை நீட்டுவதற்கு. பத்து மணி நேரம் என்பது செய்தியில் ஒரு எண். நாவலில் அது ஒருத்தியின் மூச்சு. படித்து முடித்த பிறகு எனக்குக் கேள்விகள் கூடியிருந்தன, குறையவில்லை. இறந்தவரின் மனதுக்குள் போகிற எந்தப் புனைவையும் நான் அளக்கிற அளவுகோல் இப்போது இதுதான்.

ஆனால் ஓட்ஸ் நாவலாலும், சப்பாக்விடிக் பற்றி அரை நூற்றாண்டாக எழுதப்பட்டவற்றாலும் பெரிதாக நினைவில் நிறுத்தப்படாத ஒரு விவரம் உண்டு. சாலையிலிருந்து ஒரு கோணத்தில் திரும்பும் அந்தக் குறுகிய மரப்பாலத்துக்கு அன்றைக்கு ஓரத்தில் தடுப்பு கிடையாது. செனட்டர் என்ன நினைத்தார் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள். பாலத்துக்கு ஏன் தடுப்பு இல்லை என்பதற்கு ஒரு வரி.

*

நம் ஊருக்கு, நம் காலத்துக்கு வருவோம்.

2023 அக்டோபர் முதல் நாள் பின்னிரவில், கொச்சிக்குப் பக்கத்தில் கோதுருத்தில் ஒரு கார் பெரியாற்றுக்குள் போய் இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். காலையில் தலைப்பு தயார்: கூகுள் மேப் கொன்றது. ஆனால் போலீஸ் சொன்னதாக வந்த செய்தியைப் பொறுமையாகப் படித்தால், மேப் காட்டிய இடதுபக்கத் திருப்பத்தை அந்த மழையில் தவறவிட்டு நேராகப் போயிருக்கலாம் என்று இருந்தது. நேராகப் போனால் ஆறு இருக்கிறது என்று சொல்ல அங்கே என்ன இருந்தது என்பது அடுத்த கேள்வி. தலைப்பில் அதற்கு இடமில்லை.

2024 நவம்பரில், ஜவஹர் டாக் விபத்து நடந்த அதே மாதம், உத்தரப் பிரதேசத்தில் வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துப்போன பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றுப்படுகையில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இங்கேயும் தலைப்பு கூகுள் மேப்தான். ஆனால் போலீஸ் பதிவுசெய்த வழக்கில் மேப் நிறுவன அதிகாரியோடு பொதுப்பணித் துறைப் பொறியாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். முடியாத பாலத்துக்கு ஏன் தடுப்பு போடவில்லை என்று அரசாங்கக் காகிதம் ஒன்றாவது கேட்டது. முதல் தகவல் அறிக்கை தலைப்பைவிட நல்ல இலக்கியமாக இருந்த அபூர்வமான சந்தர்ப்பம்.

அதே 2024இன் பிப்ரவரியில் இமாச்சலத்தில் சட்லெஜ் நதிக்குள் ஒரு கார் விழுந்தது. சென்னை முன்னாள் மேயர் சைதை துரைசாமியின் மகனும், ‘என்றாவது ஒரு நாள்’ படத்தின் இயக்குநருமான வெற்றி துரைசாமி அதில் இறந்தார். தேடல் ஒரு வாரத்துக்கும் மேல் நடந்தது. கண்டுபிடித்துத் தருபவருக்கு ஒரு கோடி ரூபாய் என்று தகப்பன் அறிவித்தார். பணத்தை வைத்து அந்தத் துயரத்தை எடைபோடுகிறவன் நான் இல்லை, எந்தத் தகப்பனும் தன்னிடம் இருப்பதை எல்லாம் கொட்டித்தான் தேடுவார். நான் பார்ப்பது எழுத்தின் அளவை. வெற்றியைப் பற்றி நமக்கு நிறைய தெரியவந்தது: படம், பயணங்கள், நண்பர்கள். அந்தக் காரை ஓட்டிய உள்ளூர் டிரைவரும் இறந்தார். அவரைப் பற்றி நமக்கு எத்தனை வரி நினைவிருக்கிறது? ஒன்பது மாதம் கழித்து ஜவஹர் டாக்கில் இறந்த டிரைவரைப் பற்றி? வயது, ஊர், அவ்ளோதான். இரண்டு விபத்திலும் ஸ்டியரிங்கில் இருந்தவர்தான் குறைவாக எழுதப்பட்டவர். பழி என்று வந்தால் முதலில் எழுதப்படுகிறவரும் அவர்தான்.

ஜவஹர் டாக் சம்பவத்தில் உயிர் பிழைத்தவர் கண்ணாடியை உடைத்து வெளியே வந்ததில் எந்தத் தவறும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் ஆட்களோடு கார்களைத் தண்ணீரில் இறக்கிப் பல சோதனைகள் செய்திருக்கிறார். அவர் சொல்வதன் சாரம்: விழுந்த கார் உடனே அடியில் போகாது, கொஞ்ச நேரம் மிதக்கும். தப்பிக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். போன் பண்ணக் கூடாது, கதவோடு போராடக் கூடாது. சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு அல்லது உடை, வெளியேறு. தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டால் அழுத்தத்தில் ஜன்னலை இறக்குவதும் கஷ்டம், கதவு சுத்தமாகத் திறக்காது. முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, உடைந்தாலும் விலகாது. பக்கக் கண்ணாடிதான் நொறுங்கும். நம் லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடச் சொல்வார்கள், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் ஒருவர் தப்புவதும் ஒருவர் தப்பாததும் ஒழுக்கத்தின் கணக்கு இல்லை. பிழைத்தவர் மேல் சந்தேகப்படுவதும் செத்தவர் மேல் பழிபோடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள்.

*

சட்டத்திடமாவது இந்தக் கேள்விகள் இருக்கின்றனவா? இப்படி ஒரு மரணம் நடந்தால் போலீஸ் விசாரணை நடக்கும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 194. அந்தப் பிரிவின் வேலை, மரணத்துக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணம் என்ன என்று பார்ப்பது. நீரில் மூழ்கி இறந்தார் என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். எப்படி அந்த விளிம்புவரை கார் வந்தது என்பது அதன் பாடத்திட்டத்திலேயே இல்லை. துறைமுகத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கு 1986இல் தனிச் சட்டம் வந்தது, 1990இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. ஆனால் வாடகைக் காரின் ஒப்பந்த ஓட்டுநர் அந்தச் சட்டத்தின் கண்ணில் துறைமுகத் தொழிலாளியா, வெறுமனே வந்துபோன வெளியாளா? ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடு இந்த மாதிரி ஒரு சொல்லின் பொருளில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். ‘கார் பாய்ந்தது’ என்று எழுதுகிறவருக்கு இலக்கணம் ஒரு அழகு விஷயமாகத் தெரியலாம். அந்தக் குடும்பத்துக்கு அது சோறு.

நம் மாநிலத்தில் இதன் இன்னொரு வடிவம் கிணறு. 2025 மே மாதம் சாத்தான்குளம் பக்கத்தில் ஆம்னி வேன் ஒன்று சாலையோரக் கிணற்றுக்குள் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தை. அன்றைக்கும் வாக்கியம் அதேதான், கடல் இருந்த இடத்தில் கிணறு. சாலையோரத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை என்று ஒவ்வொரு மாவட்டமும் ஒரு வாரத்தில் எண்ணிவிடலாம். எண்ணச் சொல்லும் வாக்கியத்தை யாராவது எழுத வேண்டும்.

அதனால் புதிதாக எழுத வருகிற நண்பர்களிடம், அதுவும் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்திலிருந்து எழுத வருகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. துறைமுகத்தை வைத்து கேங்ஸ்டர் கதை போதுமான அளவு வந்துவிட்டது. எண்ணூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் புத்தம்புதுக் கார்கள் கப்பலேறிப் போகின்றன. ஒவ்வொன்றையும் ஒரு டிரைவர்தான் கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறார், கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் போட்ட ஒரு சரிபாலத்தின் வழியாக. ஜீரோ கேட்டுக்கு வெளியே டிரெய்லர் டிரைவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் கிடக்கிறார்கள். தூக்கம், டூட்டி, விளிம்பு இந்த மூன்றையும் தினமும் கையாள்கிற ஒரு பெரும் கூட்டம் நம் மொழிக்குள் இன்னும் வரவில்லை. அவர்களில் ஒருவர் செத்தால் மட்டும் ஒரு வரி வருகிறது, அதிலும் எழுவாய் வண்டி.

ஜவஹர் டாக் பற்றி யாராவது எழுதினால் அந்த டிரைவரின் கடைசி நினைப்பு என்ன என்பதில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அன்றைக்கு அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்? அது எத்தனையாவது மணி நேரம்? காரைத் திருப்ப அங்கே எத்தனை அடி இடம் இருந்தது? விளிம்பில் கட்டை இருந்ததா, இருந்தால் சக்கரத்தைத் தடுக்கிற உயரமா? எத்தனை விளக்கு எரிந்தது? பின்னால் வரச்சொல்லிக் கைகாட்ட ஆள் உண்டா? ஒப்பந்தத்தில் அவர் பெயர் எங்கே, எந்த வரியில் இருக்கிறது? அந்த இடத்தில் அதற்கு முன்னால் ஏதாவது விழுந்திருக்கிறதா, விழுந்த பிறகு ஏதாவது மாற்றப்பட்டதா?

இவற்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளக்கூட யாரும் தண்ணீருக்குள் இறங்க வேண்டியதில்லை. அளவு நாடா, டூட்டி சார்ட், மின்விளக்குக் கணக்கு, ஒப்பந்த நகல். எல்லாம் கரையில் இருப்பவை.